கடல் ஏறினால் மகள் நின்றுவிடுவாள்

1

ஃபைபர் கேபிள் வேண்டும் என்று நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் போன புதன்கிழமையோடு இரண்டு வருடம் முடிந்தது. ரசீது என்னிடம் இருக்கிறது. எப்போது வரும் என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த பெண் ரசீதின் பின்பக்கம் பச்சை மையில் "மூன்று மாதம்" என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தாள். கோடு இழுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் இழுத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்கு மட்டாஞ்சேரி வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தீர்கள். படகு, காயல், கப்பைக் கிழங்கு, மீன் குழம்பு என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவன் எழுதட்டும். பதினேழு வருடமாக இங்கே கிடக்கிறவனுக்கு வேறு வேலை இருக்கிறது. நான் எழுதப்போவது டெலிபோன் கம்பெனியைப் பற்றி. பெயர் போடவில்லை. போட்டால் நீங்கள் அச்சடிக்க மாட்டீர்கள்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள்தான் மலரில் இந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். நான் தாண்டியது கடல் இல்லை, ஒரு மலை. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் பேச்சு வேறு, ரேஷன் கார்டு வேறு, பள்ளிக்கூடப் புத்தகம் வேறு. பெற்ற பிள்ளையும் வேறாகிவிடும். அதில் எந்தக் குறையும் இல்லை.

2

எனக்கு ஒரே மகள், மாரிச்செல்வி. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தொண்ணூற்றிரண்டில் நான் இங்கே வந்தபோது அவளுக்கு நாலு வயது. பஜார் ரோட்டில் ஒரு பருப்பு, வத்தல் மொத்தக் கடையில், விருதுநகர் லாரிகள் வந்தால் நின்று இறக்கி அடுக்க ஆள் கேட்டார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று முதலாளியின் மனைவி சொன்னார். சேர்த்தேன். அதோடு திரும்புகிற பேச்சு முடிந்தது.

அந்தப் பள்ளியில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்கினார்கள். மலையாளத்தில். எழுத்தும் மலையாளம்தான். அதனால் என் மகள் மீன்காரியின் உதட்டைப் படிப்பாள், பஸ் கண்டக்டரின் உதட்டைப் படிப்பாள். என் உதட்டையும் அவள் அம்மா உதட்டையும் அவளால் படிக்க முடியாது. நான் மலையாளம் பேசினால் காதால் கேட்கிறவனுக்கே புரிவதில்லை, கண்ணால் பார்க்கிறவளுக்கு எப்படிப் புரியும்? அவள் எழுதும் கடிதத்தை நான் கடையில் யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்க வேண்டும். பஜார் முழுக்கப் படிக்கப்போகிற கடிதத்தில் எந்த மகள் மனசு விட்டு எழுதுவாள்?

எங்களுக்கு மிச்சம் கைதான். மூக்குத்தி குத்தும் இடத்தைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் அப்பா. பாதி பள்ளியில் அவள் கற்றது, பாதி வீட்டில் நாங்களாக உண்டாக்கியது. என் மனைவி பேச்சியம்மாளுக்கு அது நன்றாக வரும். எனக்கு அரைகுறை.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஃபாரங்களில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அவளைப் போன்றவர்கள் இருபது முப்பது பேர் அங்கே இருக்கிறார்கள். போவதற்கு முன் அவளே கடை கடையாக ஏறி இறங்கி, வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் அதன் தலையில் உட்காரும் சின்னக் கேமராவும் வாங்கி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கேமரா முன் உட்கார்ந்தால் பெங்களூரில் இருந்து கையால் பேசுவாள். மற்ற வீடுகளில் பிராட்பேண்ட் சினிமா பார்க்க. எங்கள் வீட்டில் அதுதான் மகளின் வாய்.

3

அந்த வாய் பாதி நேரம் மூடிக் கிடந்தது.

சில ஞாயிறுகளில் படம் ஓடும். சில ஞாயிறுகளில் அவள் கையை உயர்த்துவாள், கை அங்கேயே நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து வேறெங்கோ இருக்கும். நடுவில் சொன்னது என்ன என்று கடவுளுக்குத்தான் தெரியும். காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். எங்களுக்குப் படம் நின்றால் எல்லாம் நின்றது.

அதற்காக ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு கை காட்டினால் மனதுக்குள் மூன்று எண்ணும் வரை அப்படியே பிடித்திருப்பது, பிறகு அடுத்தது. "சாப்பிட்டாயா" என்று கேட்பதற்குள் அவளுக்கு மறுபடி பசித்துவிடும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சாரே, டயல் டோன் உண்டோ?"

"டோன் இருக்கு. அத வச்சு நான் என்ன செய்ய?"

"டோன் உண்டெங்கில் லைன் ஓக்கே ஆணு சார்."

"லைன் ஓக்கேதான். என் மகதான் நின்னுபோறா."

"எந்தா சார்?"

"படம் நிக்குதும்மா. கை பாதியில நிக்குது."

"படம் நிக்குந்நெங்கில் வாய்ஸ் மாத்ரம் இட்டு நோக்கூ சார். வாய்ஸ் நல்ல கிளியர் ஆயிரிக்கும்."

படம் நின்றால் குரலை மட்டும் போட்டுப் பேசிப் பார் என்கிறாள். நான் என்ன சொன்னேன் என்பதை மலரில் எழுத முடியாது. பேச்சியம்மாள் ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "அந்தப் பிள்ளைக்கு என்னங்க தெரியும்? எழுதிக் குடுத்தத வாசிக்குது. அத ஏன் வையுதீக?" என்றாள்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது லைன்மேன் வர்கீஸ் சேட்டன். ஐம்பது வயதுக்காரர், சைக்கிளில் வருவார். தெருமுனையில் டெலிபோன் வயர்கள் எல்லாம் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்கு இங்கே பில்லர் என்று பெயர். அதன் அடியில் ஒரு குழி. குழி மூடியைத் தூக்கிக் காட்டினார். செம்புக் கம்பி இணைப்புகள் பச்சை பிடித்து, அவற்றின் மேல் உப்பு பூத்திருந்தது.

"வேலியேற்றத்தில் கடல் வெள்ளம் இவிடெ கயறும் அண்ணாச்சி. இணைப்பு நனஞ்சால் நெட் போகும். வெள்ளம் இறங்ஙியால் வரும்."

"அப்போ இத ஓட்டுறது யாரு?"

"கம்பெனி அல்ல. கடலாணு!" என்று சிரித்தார்.

வேலியேற்றம் என்றால் கடல் ஏறும் நேரம். நம் கரிசல் பக்கத்து ஆளுக்குக் கடல் ஒரு நாளில் ஏறி இறங்குவதே புதிது. இங்கே அது காயல் வழியாகச் சந்துக்குள் வரும். அதன் பிறகு கடைக்கு வரும் மலையாளப் பேப்பரில் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் ஒருவரைப் படிக்கச் சொல்லி, வீட்டுக் காலண்டரில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். எதிரே வைப்பின் தீவில் வலை வீசுகிறவன் பார்க்க வேண்டிய நேரத்தை, மகளோடு பேச நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரௌசிங் சென்டருக்குப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். போனோம். அதற்கும் அதே பில்லர்தான். அதோடு நாங்கள் கை ஆட்டுவதைப் பார்க்க நாலு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தான். அதோடு சரி.

4

ஃபைபரில் உப்பு ஏறாது, அது கண்ணாடி இழை என்று வர்கீஸ் சேட்டன்தான் சொன்னார். அதனால்தான் விண்ணப்பம் போட்டேன். ரசீது, பச்சை மை, கோடு, எல்லாம் சொல்லிவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து மெயின் ரோட்டில் குழி தோண்டினார்கள். ஆரஞ்சு நிறக் குழாய்ச் சுருள் வந்து இறங்கியது. தோண்டியவர்கள் எல்லாரும் நம் ஆட்கள், தமிழ்நாட்டுக்காரர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு தூக்கு நிறையச் சாயா வாங்கிக்கொண்டு போனேன்.

"எந்த ஊருப்பா?"

"தர்மபுரி பக்கம்ணா."

"எங்க சந்துக்குள்ள எப்பத் தோண்டுவீங்க?"

"சந்துக்குள்ள இல்லணா. இந்தச் சுண்ணாம்புக் கோட்டோட நிறுத்தச் சொல்லிட்டாரு மேஸ்திரி. அந்தப் பக்கம் பர்மிசன் வரலியாம்."

"என் வீடு அந்தா தெரியுது பாரு. இருபது அடி. தோண்டிரேன், நான் பாத்துக்கிடுதேன்."

அவர் சாயாவைக் குடித்து முடித்தார். "தோண்டிடலாம்ணா. தோண்டின குழியில யாரு படுக்குறது, நீங்களா நானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்று சிரித்ததை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

சந்து மாநகராட்சிக்குச் சொந்தம். மாநகராட்சிக்குப் போனால், கம்பெனி பேப்பர் தரவில்லை என்கிறார்கள். கம்பெனிக்குப் போனால், பேப்பர் கொடுத்தாயிற்று, அவர்கள் கையெழுத்துப் போடவில்லை என்கிறார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே ஒரு பஸ் ஸ்டாப் தூரம். அந்தப் பேப்பர் ஒன்றரை வருடமாக நடந்துகொண்டே இருக்கிறது. மிச்சமான குழாய்ச் சுருள் சந்து முனையில் கிடக்கிறது. அதற்குள் ஒரு ஆடு குட்டி போட்டது.

5

சென்ற கார்த்திகையில் செல்வி போனில் செய்தி அனுப்பினாள். நாங்கள் அனுப்பிக்கொள்ளும் செய்தி ஒரு கலவை. ஆங்கில எழுத்தில் அவளுடைய மலையாளமும் என்னுடைய தமிழும். ஒரு வரிக்கு மேல் இரண்டு பேருக்கும் ஓடாது. அன்று நாலு வரி வந்தது. ஞாயிறு பத்து மணி. ஒரு காரியம் சொல்ல வேண்டும். கடிதம் வேண்டாம், ஹாஸ்டல் வார்டன் வேண்டாம். நானே என் கையால் சொல்வேன், அப்பாவும் இருக்க வேண்டும்.

பேச்சியம்மாள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். எங்களுக்குக் காரணம் புரிந்தது. அவளைப் பற்றிய எந்தச் செய்தியையும் அவளே எங்களிடம் சொன்னதில்லை. வயதுக்கு வந்ததை டீச்சர் சொன்னார். பரீட்சையில் தேறியதைப் பள்ளிக்கூட ஆபீஸ் சொன்னது. வேலை கிடைத்ததை, காய்ச்சலில் கிடந்ததை வார்டன் சொன்னார். எல்லாவற்றையும் காது கேட்கிற யாரோ ஒருவர், காது கேட்கிற எங்களுக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். அவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

என்ன காரியம் என்றும் எனக்குப் பாதி தெரியும். ஊரில் என் அக்கா ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தாள். காது கேட்கிற மாப்பிள்ளை. முதல் மனைவி இல்லை. கொஞ்சம் வயது கூட. நான் சரி என்கிற மாதிரித் தலையாட்டி வைத்திருந்தேன். அது எப்படியோ இவளுக்குப் போயிருக்கிறது.

பேப்பரைப் பார்த்தேன். அந்த ஞாயிறு கடல் பதினொன்றரைக்கு ஏறி நிற்கும். கார்த்திகைக்கு இங்கே விருச்சிகம் என்று பெயர். அந்த மாதத்து ஏற்றம் வருடத்திலேயே பெரியது, வீட்டுப் படி வரை வரும். பத்து மணி என்றால் ஏறிக்கொண்டிருக்கிற நேரம். ஏழு மணிக்கு வா என்று செய்தி அனுப்பினேன். அவள் போகிற பிரௌசிங் சென்டர் பத்து மணிக்குத்தான் திறக்குமாம்.

பத்துக்கு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டு நடு அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் உட்கார வேண்டும். செல்வி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அப்பா, அம்மா, சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டோம் என்றோம். பத்து நிமிடம் ஓடியது. இன்றைக்கு ஓடிவிடும் என்று நினைத்தேன்.

நான், என்று தன்னைத் தொட்டாள். ஒரு பையன், என்றாள். கை நின்றது.

மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது. திரும்ப வந்தபோது அவள் விரல் காதருகே இருந்தது. அவனுக்கும் காது கேட்காது. அது எனக்குப் புரிந்தது. மறுபடி நின்றது. திரும்ப வந்தபோது இரண்டு கையும் மடியில் இருந்தன, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டாள். நாங்கள் நடுவில் இருந்தது எதையும் பார்க்கவில்லை.

என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லக்கூடாது. கோபத்தில் பாதி மோடத்தின் மேல், பாதி அந்தப் பையன் மேல். கேட்காத இருவர் சேர்ந்தால் குழந்தை அழுவது யாருக்குக் கேட்கும் என்று ஓடியது மனதில். அந்த முகம் கேமராவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதோடு விளக்கு அணைந்து படம் கறுத்துப்போனது. மோடத்தின் விளக்கைத்தான் சொல்கிறேன். வாசலில் தண்ணீர் வந்துவிட்டது.

அரை மணி கழித்துப் போனில் செய்தி வந்தது.

"அப்பா லைட் அணச்சு அல்லே. மதி. இனி ஞான் பறயில்ல."

அப்பா லைட்டை அணைத்துவிட்டீர்கள் அல்லவா, போதும், இனி நான் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

6

இதை விளக்க வேண்டும். விளக்க எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் கம்பெனியை மட்டும் திட்டிவிட்டு இதை மறைத்தால் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை.

மற்ற வீட்டில் அப்பனுக்குக் கோபம் வந்தால் கத்துவான். எங்கள் வீட்டில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? செல்வி சின்னதிலிருந்தே விடாமல் வாதாடுவாள். லீவுக்கு வந்தால், ஏன் டூர் போகக்கூடாது, ஏன் சைக்கிள் கூடாது, ஏன் மற்ற பிள்ளைகள் மாதிரி இல்லை. அந்தச் சின்னக் கைகள் என் முகத்துக்கு நேரே ஓயாமல் ஓடும். எனக்குப் பதில் வராது. வந்தாலும் கையில் வராது. அப்போது நான் எழுந்துபோய் லைட்டை அணைத்துவிடுவேன். ஜன்னல் இல்லாத அறை. அவள் சொல்வது எனக்குத் தெரியாது, நான் என்ன சொல்கிறேன் என்பதும் அவளுக்குத் தெரியாது. பேச்சு முடிந்தது. இருட்டில் அவள் கை ஆடிக்கொண்டிருப்பது வளையல் சத்தத்தில் எனக்குக் கேட்கும். அவளுக்கு அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது.

எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

7

அணைக்கவில்லை, லைன் போய்விட்டது என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த ஞாயிறு கடல் நன்றாக இறங்கியிருந்தது, மோடத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. அவள் வரவில்லை. பேச்சியம்மாள் கம்ப்யூட்டர் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

"நான் அணைக்கலன்னு நீயாவது சொல்லேன்" என்றேன்.

"நான் சொன்னா நம்புவாளா? நான் எந்த நாளும் எந்திச்சுப் போயி லைட்டப் போட்டவளா?" என்றாள்.

அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனியிடம் எழுதி வாங்கிவிடலாம். இன்ன ஞாயிறு, இன்ன நேரம், இன்ன நம்பருக்கு லைன் போனது என்று முத்திரை குத்திய ஒரு தாள். அதைக் காட்டினால் முடிந்தது. பதினேழு வருடம் பிறப்பிடச் சான்று, ஊனச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஓடியவனுக்கு வேறு எப்படி யோசனை வரும்?

ஆபீசில் அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஞாயறாழ்ச நிங்ஙளுடெ லைனில் ஃபால்ட் இல்லல்லோ. கம்ப்ளெயிண்ட் பதிஞ்சிட்டில்ல. டெஸ்ட் ஓக்கே."

"கடல் தண்ணி ஏறி நின்னுது சார். சந்து பூரா பார்த்துச்சு."

"கடலின்றெ கார்யம் ஞங்ஙளுடெ ரெக்கார்டில் இல்ல."

"லைன் போச்சுன்னு ஒரு வரி எழுதித் தாங்க. கேஸ் போட இல்ல. என் மககிட்டக் காட்ட."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். மகளிடம் காட்ட டெலிபோன் ஆபீசில் சர்டிபிகேட் கேட்கிற ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நான் கத்தினேன். காவலாளி வந்து, வா சேட்டா, வெளியே சாயா குடிக்கலாம் என்று தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனான்.

வர்கீஸ் சேட்டன் அங்கேதான் சைக்கிளோடு நின்றார். விஷயத்தைக் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தன் வேலைச் சீட்டில் ஒன்றைக் கிழித்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து மலையாளத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சீல் இல்ல. மதியோ?" என்றார். போதும் என்றேன்.

எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. கடையில் கொடுத்துப் படிக்கவும் இல்லை.

8

பகல் ரயிலில் பெங்களூர் போனேன். மறுநாள் காலையில் ஹாஸ்டலுக்குப் போனபோது, வரவேற்பறையில் அவளுடைய சிநேகிதி ஒரு பெண் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் காது கேட்காது. நான் செல்வி என்று வாயசைத்து, மீசையை முறுக்கி, நான் அவள் அப்பா என்றேன். அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. கட்டைவிரலைக் காற்றில் மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளி, "நீங்களா?" என்பது போல என்னைக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன். அவள் உள்ளே ஓடினாள்.

செல்வி வந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.  நான் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன்.

உங்களுக்குத் தெரியாதா என்றாள்.

தெரியாது என்றேன்.

கையால் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஞாயிறு. காலை. இணைப்பில் உப்புத் தண்ணீர் ஏறியது. அப்பா அணைக்கவில்லை. லைன்மேன் வர்கீஸ்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்கில் ஜெயித்தவன் மாதிரி. பார்த்தாயா, கம்பெனிதான், என்றேன். கம்பெனியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட கையையும் காட்டினேன். அவள் முழுவதும் பார்த்தாள். பிறகு சீட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

அன்றைக்கு இல்லை. சரி. அதற்கு முன்னால்?

அந்த அறையில் மூன்று பக்கமும் ஜன்னல். வெயில் உள்ளே கிடந்தது. எதையும் அணைக்க முடியாது.

முன்னால் நான்தான், என்றேன்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். பிறகு ஆரம்பித்தாள். பையன் பெயர் கணேசன். சேலம். அவளோடு வேலை செய்கிறவன். இரண்டு வருடமாகத் தெரியும். அவன் வீட்டில் சம்மதம். அத்தை பார்த்த மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம், அந்த ஆளின் போட்டோவைப் பார்த்தேன், உங்களுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறார். அவள் கை ஓடிய வேகம் எனக்குப் பழக்கமே இல்லை. பல கைகள் புதிது, பெங்களூரில் கற்றவை. என் மகள் கையிலும் ஊர் மாறிவிட்டாள். புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நான் திருப்பிச் சொன்னபோது அவள் பொறுமையில்லாமல் மேசையைத் தட்டினாள். ஏன் ஒவ்வொரு கையையும் பொம்மை மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் எதிரேதானே இருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள், என்றாள்.

குழந்தை அழுதால்? என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இதே வேலையில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறார்கள் என்றாள். குழந்தையை நடுவில் போட்டு, அதன் நெஞ்சில் கை வைத்துப் படுப்பார்களாம். அழுதால் நெஞ்சு குலுங்கும், கை விழித்துக்கொள்ளும். பிறகு கேட்டாள்: உங்களுக்குத்தான் காது கேட்குமே, நான் ராத்திரி அழுத எல்லா நாளும் எழுந்தீர்களா?

பேச்சியம்மாள்தான் எழுந்தாள். அதையும் சொன்னேன்.

சம்மதம் என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை சொன்னேன்.

அதற்குள் கணேசன் வந்துவிட்டான். கூடவே நாலைந்து பேர். ஒல்லியான பையன், பயந்து நின்றான். கூட்டத்தில் ஒவ்வொருவராக என்னைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே தள்ளிவிட்டு வணக்கம் சொன்னார்கள். கணேசனும் அப்படிச் செய்யப்போய்ச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். இது என்ன, எல்லாரும் செய்கிறார்களே என்று செல்வியிடம் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. சொல்ல மாட்டேன் என்றாள். விடாமல் கேட்டேன்.

அது உங்கள் பெயர் என்றாள்.

அவர்களுக்குள் யாரையும் எழுத்துக் கூட்டிச் சொல்வதில்லை. ஆளைப் பார்த்து ஒரு கை வைப்பார்கள். கன்னத்தில் மச்சம் இருந்தால் மச்சத்தைத் தொட்டால் அந்த ஆள். அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவள் காட்டியது அது. சுவிட்சை மேலே தள்ளி அணைக்கும் விரல். பள்ளியில் ஆரம்பித்திருக்கிறாள். பத்து வருடமாக, நான் பார்த்திராத ஊர்களில், எனக்குத் தெரியாத பிள்ளைகள் என்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு மாற்ற முடியாதா என்றேன்.

நம் பெயரை நாமே கேட்டு வாங்க முடியாது அப்பா, பார்க்கிறவர்கள்தான் வைப்பார்கள், என்றாள்.

வருகிற ஆவணியில் சேலத்தில் கல்யாணம். நேற்றும் கம்பெனிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். அந்த ஒரு ஞாயிறுக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும், நான் விடப்போவதில்லை. மற்ற நாட்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். கல்யாணத்துக்குக் காது கேளாத பிள்ளைகள் நாற்பது பேராவது வருவார்கள் என்கிறாள் செல்வி. மண்டபத்தில் எல்லாரும் கட்டைவிரலை மேலே தள்ளித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். திரும்பிப் பார்ப்பேன்.